மூன்று விரல் சிவப்பு

பூசையில் விரித்த பீடத்துணியை முதல் தண்ணீரில் அலச வேண்டியது சாமியார்தான். அதற்கு முன் பெண் கை படக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம். மோந்தாரேஸ் ஊரின் பங்குச்சாமி குத்தியேரே இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியவர் அல்ல. வெள்ளிக்கிழமை காலையில் ஒலாய்யா கிணற்றடியில் செப்புத் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அவர் எதையாவது மென்றுகொண்டே வருவார். துணியின் ஒரு மூலையைத் தண்ணீரில் தொட்டு எடுப்பார். “ஆச்சு” என்பார். போய்விடுவார். மிச்சமெல்லாம் அவள் வேலை. சாம்பல் நீரில் ஊறப்போடுவது, கசக்குவது, தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவது, ரோஸ்மேரிப் புதர்மேல் விரித்துக் காயப்போடுவது, சுருக்கமில்லாமல் நீவி மடிப்பது.

அந்த வருஷம், உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்தைய நோன்பான தவசுகாலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, துணியின் மூலையைத் தொட்டவர் தொட்டபடியே நின்றார். பிறகு அங்கியின் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டு தொட்டியின் முன் முட்டி போட்டார்.

“என்ன சாமி, கீழ எதையாச்சும் போட்டுட்டீங்களா?” என்று கேட்டாள் ஒலாய்யா.

“நானே அலசறேன். அலசணும்னுதானே இருக்கு” என்றார்.

அவர் அலசிய லட்சணத்தைப் பார்த்து அவளுக்குக் கை துடித்தது. கோழியின் கழுத்தைத் திருகுவதுபோல் துணியைத் திருகினார். தண்ணீர் முழங்கைவழி வழிந்து அங்கிக்குள் போனது. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோம்பேறியான ஒரு மனிதர் தாமாக முட்டி போடுகிறார் என்றால், சாமியார்களைத் திருத்தத் தொலேதோ பேராயர் போட்ட ஆணை வெறும் பேச்சில்லை. துணி அலசுவதில் விளையாட்டில்லை என்றால் மற்றதிலும் விளையாட்டு இருக்காது. மற்றது என்பது அவள்தான்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையடிவாரத்து இடையர் வீட்டுப் பெண். மழை பொய்த்த ஒரு வருஷம் ஆடுகள் செத்து விழ, அப்பா அவளையும் மிச்சமிருந்த ஒரு வெள்ளாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து புதிதாக வந்திருந்த சாமியார் வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டுப் போனார். சாமியார் அப்போது இளவட்டம். ஒரு வேட்டைநாய், காடை பிடிக்கும் வலை, பாதி மறந்துபோன லத்தீன், இவைதான் அவர் சொத்து. யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இரண்டாவது வருஷக் குளிர்காலம் நீளமாக இருந்தது. வீட்டில் கணப்பு ஒன்றுதான் இருந்தது.

முதல் பிள்ளை வயிற்றில் தெரியத் தொடங்கியதும் ஊர்க்காவலர் வந்து கதவைத் தட்டினார். முந்தைய அரசர் ஒருவர் காலத்துப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. சாமியாரோடு குடும்பம் நடத்துகிறவள் தலைத்துணியின் மேல் மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை தைத்துக்கொள்ள வேண்டும். மணம் முடித்து வாழ்கிறவள் யார், இவள் யார் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். காவலர் சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். ஒலாய்யா அழவில்லை. மஞ்சிட்டி வேர் வாங்கி வந்து சாயம் காய்ச்சி, தானே துணியை முக்கி, தானே தைத்துக்கொண்டாள். சாயம் மங்கினால் அடுத்த வேரை வாங்கி மறுபடி முக்குவாள். அணிந்துதான் ஆக வேண்டும் என்றால் அழுக்குச் சிவப்பாக எதற்கு என்பது அவள் எண்ணம்.

மூன்று பிள்ளைகள் பிறந்தன. இரண்டு கோயில் சுவரோரம் மண்ணுக்குள் இருக்கின்றன. மூன்றாவது மென்சியா, தொர்ரீஹோஸ் ஊரில் கம்பளி சிக்கெடுக்கும் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். ஊர் முழுக்க “தந்தையே” என்று கூப்பிடும் மனிதரை அவள் மட்டும் “மாமா” என்று கூப்பிட்டு வளர்ந்தாள். ஒலாய்யா அவரைச் “சாமி” என்பாள். முதல் நாள் வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை.

பேராயரைப் பற்றிய செய்திகளைக் கோவேறு கழுதைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். பட்டு அங்கிக்குள் முரட்டுத் துறவி உடை உடுத்துகிறாராம். மெத்தைக் கட்டில் அறையில் சும்மா கிடக்க, இவர் தரையில் படுக்கிறாராம். அரசியே எழுந்து நிற்கிறாராம் அவருக்கு. அவர் மடங்களைத் திருத்தக் கிளம்பியதும் தெற்கே சில துறவிகள் தங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி முஸ்லிம்களான மூர்களின் நாட்டுக்கே ஓடிவிட்டார்களாம். இதைக் கேட்டபோது குத்தியேரே சிரித்தார். “எனக்குக் கடல் ஒத்துக்காது. குளத்துல எறங்கினாலே தலை சுத்துது” என்றார்.

பிறகு, தவசுகாலத்துக்குச் சில வாரங்களுக்கு முன், ஆணை வந்தது. அதை அவரே கோயிலில் நின்று வாசிக்க வேண்டியிருந்தது. சாமியார் தன் பங்கை விட்டு வெளியூரில் தங்கக்கூடாது. ஞாயிறுதோறும் நற்செய்தியை ஜனங்களுக்குப் புரியும் பேச்சில் விளக்க வேண்டும். ஞாயிறு மாலை பிள்ளைகளைக் கூட்டி மந்திரங்கள் கற்பிக்க வேண்டும். வீட்டில் பெண் வைத்திருப்பவர்கள் அனுப்பிவிட வேண்டும். அந்த வரி வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, பூசை லத்தீன் சொல்லும் வேகத்தில் ஓட்டினார். அவர் வாழ்நாளில் சொன்ன எதையும் ஊர் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

இவற்றில் முதலில் வந்து நின்ற சிக்கல் பிரசங்கம். விளக்கச் சொன்ன முதல் ஞாயிறன்று அவர் ஜனங்களின் பக்கம் திரும்பினார், மூச்சு வாங்கினார், “இன்னிக்கு நற்செய்தி ரொம்ப நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுப் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளிச் சுவரில் சாய்ந்து நின்று கதை பேசும் ஆண்கள் அன்று முழுக்க அதைச் சொல்லியே சிரித்தார்கள். நல்ல கோதுமை, நல்ல மழை, நல்ல நற்செய்தி.

அடுத்த சனிக்கிழமை அவர் சமையலறைக்குள் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒலாய்யா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றாள். விதைக்கப் போனவனின் கதை. கொஞ்சம் பாதையில் விழுந்தது, கொஞ்சம் பாறையில், கொஞ்சம் முள்ளில்.

அவள் கை மாவில் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறாள். மணிச் சத்தம் கேட்டிருக்கிறாள், முணுமுணுப்புக் கேட்டிருக்கிறாள். அந்த முணுமுணுப்புக்குள் விதை, முள், குருவி எல்லாம் இருந்தது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

“ஏன் சாமி, வெதைக்கிறவன் பாதையில ஏன் போடறான்? கண்ணு தெரியாதா அவனுக்கு? எங்கப்பா பாத்திருந்தா ஏசியே கொன்னுருப்பாரு” என்றாள்.

மறுநாள் குத்தியேரே அந்தக் கேள்வியையே கோயிலில் கேட்டார். இப்படி விதைக்கிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார், கோயில் என்றும் பாராமல். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, அப்படி அள்ளி இறைக்கிறவன் என்றால் அவனிடம் விதை எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாரோ முணுமுணுக்க, கோயில் அமைதியானது. அடுத்த ஞாயிறு சுவரில் சாய்ந்து நிற்பவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் முக்காலி வந்தது. ஒலாய்யா அந்த நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தாள். ஏனென்றால் ஞாயிறு பிரசங்கம் அவள் காதுக்கு எட்டாது. கோயிலில் பெண்கள் அவரவர் குடும்பத்தார் புதைந்திருக்கும் கல்லின்மேல் பாய் விரித்து, மெழுகுவத்தி ஏற்றி உட்காருவார்கள். அவளுக்கு அங்கே கல் கிடையாது. வாசலை ஒட்டி, மணிக்கயிறு தொங்கும் தூணுக்குப் பின்னால் உட்காருவாள். அங்கே குளிர்காற்றும் நாய்களும்தான் வரும். சனிக்கிழமைச் சமையலறைதான் அவளுக்குக் கோயில்.

இதுதான் அவளை அலைக்கழித்தது. தன்னை வீட்டைவிட்டுத் துரத்தப் போகும் அதே ஆணைதான் அந்தக் கதைகளையும் தன் அடுப்படிக்குக் கொண்டுவந்திருக்கிறது. பேராயரைத் திட்ட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் விதைக்கிறவன் நினைவுக்கு வந்து குறுக்கே நின்றான்.

தவசுகாலத்து இரண்டாவது வாரம், பேராயர் அனுப்பிய துறவி ஒருவர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்தது. பக்கத்து ஊரில் அவர் விசாரித்த பிறகு அங்கிருந்த சாமியாரோடு வாழ்ந்தவள் ஒரே மூட்டையோடு கிளம்பிப் போனாளாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒலாய்யா எங்கே போவாள்? மென்சியா வீட்டில் ஒரே அறை. கம்பளியும் சீப்பும் மாமியாரும் போக அதில் கால் நீட்ட இடமில்லை. இன்னொரு யோசனை அவளுக்கு இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டாள். அறுவடை முடிந்ததும் ஊர் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி மகனோடு போய்விட்டாள். அதிலிருந்து வீட்டுக்கு வீடு முறைபோட்டு எரிக்கிறார்கள். ஒரு நாள் கருகுகிறது, ஒரு நாள் வேகவில்லை. அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு உண்டு, குளிரே தெரியாது. ஊர்ச்சபையில் அவள் பேர் ஒருமுறை அடிபட்டதாம். இரண்டு வீட்டார் எழுந்து, சிவப்புப் பட்டைக்காரி தொட்ட மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்று கேட்டதும் பேச்சு அடங்கிவிட்டதாம். பசியோடு இருப்பவர் அடுத்த வீட்டுச் சமையலை நினைப்பதுபோல அவள் அந்த அடுப்பை நினைத்துக்கொள்வாள். பிறகு வேலையைப் பார்ப்பாள்.

துறவி வருகிற அன்று காலையில் ஊர்த்தலைவர் மனைவி உர்ராகா கத்தரிக்கோலோடு வந்து சேர்ந்தாள். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல்.

“உக்காருடி. பட்டையைப் பிரிச்சு எடுத்துருவோம். நீ இந்த வீட்டுல வேலை பாக்கற கெழவி. ஊர்ல எல்லாருகிட்டயும் பேசியாச்சு.”

“யக்கா, எனக்கு நாப்பதுதானே ஆச்சு.”

“அதான் வெனையே. கெழவின்னா வீட்டுல வச்சுக்கலாமாம், சட்டத்துல எடமிருக்கு. முடியில சாம்பலைத் தேச்சுக்க. குனிஞ்சு நட. இருமத் தெரியுமில்ல?”

“பட்டையை எடுத்தாக் குத்தமாச்சே.”

“வச்சிருந்தா வீட்டை விட்டே போகணும். எது பெரிய குத்தம்? தலையைக் காட்டு.”

குத்தியேரே வாசலுக்கு வந்து பார்த்தார். “நான் எதையும் பாக்கல” என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போனார். உர்ராகா பட்டையைப் பிரித்து, நூலைப் பல்லால் கடித்து, தள்ளி நின்று பார்த்தாள். தலையாட்டிக்கொண்டாள். வழியில் வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

துறவி நடந்தே வந்தார். பெயர் அந்தோலின். முழங்கால்வரை சேறு. மெலிந்த உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர்கள் பரலோக மந்திரத்தைக் குதிரை ஓடும் வேகத்தில் ஒப்பித்தார்கள். அதற்கு அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு பெரியவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். சாமியார் ஊரில் தங்குகிறாரா? தங்குகிறார். ஞாயிறு பேசுகிறாரா? அதையேன் கேட்கிறீர்கள் என்று ஆளாளுக்கு விதைக்கிறவன் கதையை அவருக்கே திருப்பிச் சொன்னார்கள். வீட்டில் பெண் யாராவது? ஒரு வயதான அம்மாள் சமைத்துப் போடுகிறாள், பாவம். கொல்லர் மட்டும் அளவு மீறிப் போய்விட்டார். “நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே அவங்க கெழவிதான் சாமி” என்றார். கொல்லருக்கும் ஒலாய்யாவுக்கும் ஒரே வயது.

மதியம் சாமியார் வீட்டில் சாப்பாடு. கொண்டைக்கடலையும் கீரையும் உப்புமீனும் போட்ட குழம்பு. உர்ராகா ஒத்தாசைக்கு என்று வந்து, நடப்பதைப் பார்ப்பதற்காகவே நின்றிருந்தாள். ஒலாய்யா கூன் போட்டு நடந்து கிண்ணத்தை வைத்தாள். சொல்லிக்கொடுத்தபடி இருமினாள். துறவி கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தலையையே பார்த்தார்.

“அம்மா, உங்க தலைத்துணி நடுவுல ஒரு கோடு வெள்ளையா இருக்கே, என்னது?”

அடுப்புப் புகையிலும் வெயிலிலும் பழுத்துத் தேன்நிறமாகியிருந்த துணி அது. பட்டை இருந்த இடம் மட்டும் வெயிலே படாமல், நேற்று நெய்ததுபோல் மூன்று விரல் அகலத்துக்கு வெளேரென்று இருந்தது. விளிம்பில் சாயம் கசிந்து லேசாகச் சிவந்தும் இருந்தது. காலையிலிருந்து ஊரே அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. இத்தனை வருஷம் அங்கே சிவப்பைப் பார்த்துப் பழகிய கண்கள், இல்லாதபோதும் அதே சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

உர்ராகா இருமினாள். அது ஒலாய்யாவின் இருமல் என்பதை மறந்துபோய்.

ஒலாய்யா முதுகை நிமிர்த்தினாள். காலையிலிருந்து குனிந்து குனிந்து உண்மையாகவே வலித்தது. “அங்க சிவப்பு இருந்துச்சு சாமி” என்றாள். “இன்னிக்குக் காலையிலதான் எடுத்தது. ஊர்க்காரங்க என் மேல பிரியத்துல சொன்ன பொய். தண்டனைன்னா எனக்குக் குடுங்க, அவங்களுக்கு வேணாம்.”

குத்தியேரே கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படியேதான் இருப்பார் என்று ஒலாய்யா நினைத்தாள். அதில் அவளுக்குக் கோபம்கூட இல்லை, மனிதர் அப்படி. ஆனால் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“வீடு என்னோடது. பொய்யும் என்னோடதுதான்” என்றார். “காலையில நாய்க்குச் சோறு வைக்கப் போனேன். போயிருக்கக் கூடாது.”

துறவி இன்னொரு வாய் குழம்பு எடுத்துச் சாப்பிட்டார். அவர் போன ஊர்களைப் பற்றிச் சொன்னார். ஒரு ஊரில் பெண்ணை வைக்கோல் போரில் ஒளித்து வைத்தார்களாம்; வைக்கோல் தும்மியதாம். இன்னொரு ஊரில் திராட்சை ரசப் பீப்பாய்க்குள். எல்லா ஊரிலும் பொய் உடைந்ததும் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சண்டை போடுபவர்களை இங்கேதான் பார்க்கிறேன் என்றார். அதனால் சட்டம் மாறிவிடாது என்பதையும் அதே குரலில் சொன்னார். பெருநாளுக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுக்குள் அவள் இந்த வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். தொலேதோவில் இப்படிப்பட்ட பெண்களுக்கென்று ஒரு மடம் இருக்கிறது. கூரையும் உணவும் உண்டு. நல்ல கன்னியர்கள்.

“அங்க போறீங்களா? இல்ல, வேற ஏதாவது உங்க மனசுல இருக்கா?” என்று கேட்டார்.

அப்பா வெள்ளாட்டோடு கூட்டி வந்தபோது ஒலாய்யாவிடம் இதை யாரும் கேட்கவில்லை. காவலர் வந்தபோது கேட்கவில்லை. காலையில் கத்தரிக்கோலோடு வந்த உர்ராகாவும் கேட்கவில்லை. கேள்வி புதிதாக இருந்ததால் பதிலைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“ஊர் ரொட்டியடுப்பு” என்றாள். “பின்னால வீடு இருக்கு. ஒருத்தர் தயவும் வேணாம், வேகவச்சுக் குடுத்தா அடுப்புப் பங்கா ரொட்டி குடுப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. ஞாயித்துக்கெழமை எனக்குக் கேக்கணும் சாமி. தூணுக்குப் பின்னால ஒண்ணும் கேக்கல.”

துறவி உர்ராகாவைப் பார்த்தார். அவள் ஊர்த்தலைவர் மனைவி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நின்ற தோரணை சொல்லியிருக்கும். அடுப்பு ஊருடையது, அதில் தான் வாயைத் திறக்க முடியாது என்றார். கோயில் தரையைப் பொறுத்தவரை, இந்த வீட்டைவிட்டுப் போனபின் அவள் மற்ற எல்லாரையும் போலத்தான். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

“அடுப்பை நான் பாத்துக்கறேன்” என்றாள் உர்ராகா. “எம் புருஷன் சபைக்குத் தலைவர். எம் புருஷனுக்குத் தலைவி யாருன்னு ஊருக்குத் தெரியும்.”

“அந்த ரெண்டு வீட்டுக்காரங்க இருக்காங்களே, அக்கா.”

“பட்டைதானே அவங்களுக்கு ஆகல? பட்டை எங்க இப்ப? அப்பயும் ஆகலைன்னா மாவைப் பச்சையாத் தின்னட்டும்.” பிறகு யோசித்து, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு சொன்னாள். “கோயில்ல எங்க கல்லு மேல வந்து உக்காரு. கீழ எம் மாமியா கெடக்கா. அவ ஏதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். உசுரோட இருந்தப்பவே சொல்லியிருக்கேன்.”

துறவி சிரித்ததை அந்த வீட்டில் அப்போதுதான் பார்த்தார்கள். பல்வரிசை கோணலாக இருந்தது. வயதும் அதிகமில்லை என்று தெரிந்தது.

ஊர்ச்சபை கூடியது. அந்த இரண்டு வீட்டில் ஒரு வீடு எழுந்து பேசியது. மறுவாரம் முறைபோட்டு எரித்ததில் அந்த வீட்டு ரொட்டியே கரியானதும் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு வீடு இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டாள் ஒலாய்யா. குருத்தோலை ஞாயிறுவரை காத்திருக்கவும் இல்லை. பெருநாள் ரொட்டிக்கு முன் அடுப்பு நன்றாகச் சூடேறிப் பழக வேண்டும். மாதக்கணக்கில் அரைகுறையாக எரிந்த செங்கல் உடனே சொன்னபடி கேட்காது. ஆகவே தவசுகாலத்து நான்காவது ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையன்றே கிளம்புவதென்று முடிவு செய்தாள்.

எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு பாய், இரண்டு போர்வை, ஒரு பானை, மென்சியா சிறுவயதில் போட்ட மேல்சட்டை. மாவு பிசையும் மரத்தொட்டி அவள் வாங்கியது. அதை விடுவதாக இல்லை. தலையில் புதுத்துணி கட்டியிருந்தாள், உர்ராகா கொடுத்தது. சிவப்புப் பட்டையை என்ன செய்வதென்று கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல சாயம், கெட்டித் துணி, எரிப்பதற்கு மனம் வரவில்லை. அடுப்புத் தரையிலிருந்து சாம்பலைத் துடைக்கும் நீளக் கழியின் முனையில் ஈரத்துணியைச் சுற்றி, அதை இந்தப் பட்டையால் இறுக்கிக் கட்டினாள். சரியாகப் பொருந்தியது.

சமையலறையில் குத்தியேரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நேற்று அவரே அலசிய பீடத்துணி கொடியில் கிடந்தது. இன்னும் சுருக்கம் இருந்தது, ஆனால் முதல் வாரம்போல் இல்லை. அதை நீவிவிட அவள் கை எழுந்தது. அப்படியே இறக்கிக்கொண்டாள்.

அவர் நாளைய நற்செய்தியைச் சொல்லத் தொடங்கினார். அத்துவானக் காட்டில் ஐயாயிரம் பேர். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டபின் மிச்சம் பன்னிரண்டு கூடை. இப்போதெல்லாம் அவர் தடுமாறுவதில்லை. கையை எடுத்துக் காட்டிச் சொன்னார். கூட்டம் புல்லில் உட்கார்ந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். வேட்டைக்கதை சொல்லும்போது வரும் அந்தப் பழைய களை முகத்தில் வந்துவிட்டது. அவள் பாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“கூடை எங்கேருந்து வந்துச்சு சாமி?” என்றாள்.

“எந்தக் கூடை?”

“மிச்சத்தை அள்ளினாங்களே, அந்தக் கூடை. அத்துவானக் காடுங்கறீங்க. ஒருத்தருகிட்டயும் சோறு இல்லைங்கறீங்க. வெறுங்கூடையைத் தூக்கிட்டு யாரு காட்டுக்கு வருவா?”

அவர் நெற்றியைச் சுருக்கினார். நல்ல கேள்வி என்றார். நாளைக்குக் கோயிலில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். யாராவது ஏதாவது சொல்வார்கள். அவள் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நாளைக்கு அந்தப் பாய் உர்ராகாவின் மாமியார் கிடக்கும் கல்லின்மேல் விரியப் போகிறது. யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று முதல்முறையாக எல்லோரோடும் சேர்ந்து அவளும் கேட்கப் போகிறாள். ஏசினாலும் கேட்கும், சிரித்தாலும் கேட்கும்.

வெளியே வீதியில் விறகு கருகும் வாசனை வந்தது. உர்ராகா அடுப்பில் தீ வைத்துவிட்டாள், சொல்லச் சொல்லக் கேட்காமல். பச்சை விறகாகப் போட்டிருப்பாள். அவரவர் வீட்டு அடையாளம் குத்திய மாவு உருண்டைகளோடு பெண்கள் இந்நேரம் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். மலர்க்குறி ஒரு வீடு, சாவிக்குறி ஒரு வீடு, கொல்லர் வீட்டுக்கு லாடம். இனி அவள் கூடையில் சேரும் பங்கு ரொட்டியில் எல்லா வீட்டு அடையாளமும் இருக்கும்.

அவள் மரத்தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையில் கழியை எடுத்தாள். குத்தியேரே எழுந்து நின்றார். உதவிக்கு வருவார்போல ஓரடி எடுத்து வைத்தார். வீதியில் சேர்ந்து நடக்கக் கூடாது என்பது நினைவு வந்து நின்றுவிட்டார்.

“ஒலாய்யா, இனிமே சனிக்கெழமை நான் யாருகிட்ட சொல்லிப் பாக்கறது?”

தொட்டி வாசல்நிலையில் இடித்தது. அவள் அதைக் கொஞ்சம் சாய்த்து, வழிபார்த்து வெளியே கொண்டுபோனாள். கழிமுனையின் சிவப்பு கடைசியாகக் கதவைத் தாண்டியது.